ஆதியாகமத்தில் உடன்பிறந்தார் பகையும் நம்பிக்கையும்

எபிரேய வேதத்தின் முதல் நூலாகிய ஆதியாகமத்திலே இடம்பெறும் குலமுதல்வர் கதைகள் பற்றி இருவகை நோக்குகள் உள. ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஆகியோரை விசுவாசத்தின் முன்மாதிரிகளாகக் கொள்வது ஒன்று. இவற்றைப் பழங்கட்டுக்கதைகளெனப் புறந்தள்ளுவது மற்றையது. இரண்டுமே நூலின் மையப் பிரச்சினையைக் காணத் தவறுகின்றன. தலைமுறைதோறும் அங்கு உடன்பிறந்தார் மோதுகின்றனர். மூத்தவன் விலக்கப்பட, இளையவன் வாக்குத்தத்தத்துக்கு உரியவனாகிறான். இஸ்மவேலை விலக்கி ஈசாக்கும், ஏசாவை விலக்கி யாக்கோபும் முன்வருவது தற்செயலன்று.

மோதலின் பொருளியல் அடிப்படையை முதலில் நோக்குவோம். கதைமாந்தர் கூடாரங்களில் வாழும் மேய்ச்சற் குழுவினர். மந்தையும் கிணறுமே அவர்தம் செல்வம். தலைமகனுக்கு இருமடங்கு பங்கு உரியதென உபாகமம் 21ஆம் அதிகாரம் விதிக்கிறது. தமிழ் விவிலியம் ‘சேஷ்டபுத்திரபாகம்’ எனக் குறிக்கும் அவ்வுரிமையையே பசித்து வந்த ஏசாவிடம் பயற்றங்கூழுக்கு யாக்கோபு வாங்குகிறான். பின்னர் பார்வை மங்கிய தந்தையை ஆட்டுத்தோல் போர்த்து ஏமாற்றி ஆசியையும் கவர்கிறான்.

அடிமைப்பெண் ஆகாரின் கதையும் இத்தகையதே. பிள்ளை பெறும் அடிமைப்பெண் தன் எசமானியோடு சமத்துவம் கோரினால் என்செய்வது என்பதை ஹமுராபியின் சட்டத்தொகுப்பு 146ஆம் பிரிவிலே ஆராய்கிறது. எனவே சாராளின் சினம் தனிமனிதப் பொறாமை மட்டுமன்று. தன் மகனுடன் அடிமையின் மகன் சொத்துரிமை பெறலாகாது என்பதே அவள் கோரிக்கை. இத்தகைய ஒப்புமைகளைக் கொண்டு கதைகளின் காலத்தை நிறுவ முயன்றோரை தோமஸ் தொம்சன் (1974), ஜோன் வான் சீற்றர்ஸ் (1975) ஆகியோர் வன்மையாக மறுத்தனர். கதைகள் நாட்குறிப்புகள் அல்ல. எனினும் அவை காட்டும் சமூக உறவுகள் மெய்யானவை.

இங்கு நம்பிக்கையின் பணி யாது? மதம் துயரத்தின் வெளிப்பாடாகவும் அத்துயரத்துக்கு எதிரான குரலாகவும் ஒருங்கே அமைகின்றது என மார்க்ஸ் 1844இல் எழுதியது இவ்விடத்தில் மனங்கொள்ளத்தக்கது. எகிப்துக்கும் மெசொப்பொத்தேமியாவுக்கும் இடையே வாழ்ந்த சிறிய மக்கட்கூட்டம் தன்னை இளைய மகனாகக் கண்டது. பிறப்புரிமையை மீறும் தெய்வத் தெரிவு அதற்கு ஆறுதலாயிற்று. ஆனால் ஏசா ஏதோமியரின் மூதாதை. ஏதோமைத் தாவீது அடிமைப்படுத்தியதாக இரண்டாம் சாமுவேல் கூறுகையில், மூத்தவன் இளையவனைச் சேவிப்பான் என்ற வாக்கு வென்றவனின் உரிமைப்பத்திரமாகிவிடுகிறது. நலிந்தோரின் ஆறுதலே ஆட்சியின் நியாயமாவதும் உண்டு.

எனினும் நூல் வென்றவனை விட்டுவைக்கவில்லை. ஏமாற்றியவன் ஏமாற்றப்படுகிறான். மூத்தவளுக்கு முன் இளையவளைக் கொடுப்பது தம்மூர் வழக்கமன்று எனக் கூறி லாபான் ராகேலுக்குப் பதில் லேயாளைத் தருகிறான். வெள்ளாட்டின் குருதி தோய்ந்த யோசேப்பின் அங்கியைக் காட்டிப் பிள்ளைகள் தந்தையை வஞ்சிக்கின்றனர். லாபானிடம் 20 ஆண்டுகள் உழைத்துத் திரும்பும் யாக்கோபு, 400 பேருடன் எதிர்வரும் ஏசாவுக்கு 550க்கு மேற்பட்ட கால்நடைகளை அளிக்கிறான். அக்கொடையை அவன் ‘பெராக்கா’ என்கிறான். அன்று கவர்ந்த ஆசிக்கும் எபிரேயத்தில் அதே சொல்தான். பறித்தது மந்தையின் உருவிலே மீள்கின்றது. தெய்வத்தோடு போராடிப் பெற்ற புதுப்பெயரும் அவனை இக்கடனிலிருந்து விடுவிக்கவில்லை. பொருளை மீளளிக்காத சமரசத்தை இக்கதை அறியாது.

ஆபிரகாமை மக்பேலா குகையில் ஈசாக்கும் இஸ்மவேலும் சேர்ந்தே அடக்கம் செய்கின்றனர். ஆனால் ஆகார்? ஆபிரகாமும் சாராளும் அவளை ஒருமுறையேனும் பெயர் சொல்லி அழைத்ததாக நூலில் இல்லை. வனாந்தரத்தில் தூதனே அவள் பெயரைச் சொல்கிறான். அவளும் தன்னைக் கண்ட கடவுளுக்குப் பெயரிடுகிறாள். அவளுக்குரிய பங்கு மட்டும் மீளவேயில்லை. அதனை மறைக்காது பதிவு செய்தமையிலேயே இந்நூலின் நேர்மை தங்கியுள்ளது.