பளபளப்பை வென்ற சாம்பல் நிறப் பெட்டி

நம் கடைக்கு வரும் நாற்பது வயதுக்காரரிடம் பிரிக் கேம் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், முகம் மலரும். மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் அந்தச் சிறு கருவி, 1990களில் நம் ஊர் ஃபேன்சி ஸ்டோர்களில் விற்ற சரக்கு. அதற்கு முன்னோடியாக, ‘டெட்ரிஸ்’ என்ற அதே கட்டை விளையாட்டைச் சிறுவர்களின் உள்ளங்கைக்குக் கொண்டு சென்றது ஜப்பானின் ‘கேம் பாய்’. அதன் கதையில் வணிகர்களாகிய நமக்கும் செய்தி இருக்கிறது.

கேம் பாயைத் தயாரித்த நின்டெண்டோ, 1889இல் கியோட்டோ நகரில் புசாஜிரோ யமவுச்சி சீட்டுக்கட்டு செய்து விற்கத் தொடங்கிய சிறு தொழில்தான். பிற்காலத்தில் அங்கே பணியாற்றிய குன்பெய் யோகோய், புத்தம் புதிய தொழில்நுட்பத்தின் பின்னால் ஓடாதவர். விலை மலிந்த, பழகிப்போன பாகங்களைப் புதுவிதமாகப் பயன்படுத்துவதே அவர் கொள்கை. அப்படி உருவாகி 1989 ஏப்ரலில் கடைக்கு வந்ததே கேம் பாய்.

அதன் திரையில் வண்ணம் கிடையாது, வெளிச்சமும் கிடையாது. இரவில் காரில் போகும் பிள்ளைகள், தெருவிளக்கு வரும்போதெல்லாம் அவசரமாக விளையாடிக்கொள்வார்கள். அதே ஆண்டில் அடாரியின் ‘லின்க்ஸ்’, மறு ஆண்டில் சேகாவின் ‘கேம் கியர்’ என வண்ணத்திரைக் கருவிகள் போட்டிக்கு வந்தன. கேம் பாயின் கதை முடிந்தது என்றுதானே நினைக்கத் தோன்றும்?

கணக்கைப் பாருங்கள். அமெரிக்காவில் கேம் பாய் சுமார் 90 டாலர், லின்க்ஸ் சுமார் 180 டாலர். வண்ணக் கருவிகள் 6 பென்சில் பேட்டரிகளை ஐந்து மணி நேரத்துக்குள் தீர்த்துவிடும். கேம் பாய்க்கு 4 பேட்டரி போதும். 15 மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடும். கருவியை வாங்குவது ஒரு முறை. பேட்டரிக்குக் காசு கொடுப்பதோ ஓயாத செலவு. அதைப் பெற்றோர் மறக்கவில்லை.

உழைப்பிலும் அது சளைக்கவில்லை. 1990-91 வளைகுடாப் போரில் குண்டுவீச்சில் கருகிய ஒரு கேம் பாய், அதன் பிறகும் இயங்கியது. நியூயார்க்கிலுள்ள நின்டெண்டோ கடையில் பல ஆண்டுகள் அது காட்சிக்கு இருந்தது. பின்னர் வந்த வண்ண வடிவத்தையும் சேர்த்து, விற்ற கேம் பாய்கள் 11 கோடிக்கும் மேல். கேம் கியரோ சுமார் 1 கோடிதான்.

அன்றைய பிள்ளைகள் இன்று குடும்பஸ்தர்கள். பழைய பெட்டியைத் தேடி வாங்கி, புதுத் திரை பொருத்தி மீண்டும் விளையாடுகிறார்கள். பெரிய அங்காடிகளின் வெளிச்சத்தைக் கண்டு நம்மில் பலர் மலைத்து நிற்கிறோம். வீட்டுக்குப் போன பின்னும் வாடிக்கையாளரின் கையைக் கடிக்காத, நின்று உழைக்கும் சரக்கைத் தேர்ந்து கொள்முதல் செய்வோம். நம் கடை வாசலில் இன்று மிட்டாய்க்கு நிற்கும் சிறுவன், நாளை மளிகைப் பட்டியலோடு வரவேண்டியவன் அல்லவா?