ஓர் எஞ்சின் நின்றபின் மிஞ்சும் ஏற்றம்

இரட்டை எஞ்சின் விமானத்தில் ஓர் எஞ்சின் நின்றுபோனால் திறன் பாதியாகக் குறைகிறது. ஏறும் வேகமோ ஐந்தில் ஒரு பங்காகவும், சில வேளைகளில் அதற்குக் கீழாகவும் சுருங்கிவிடுகிறது. உயரம் இழக்காமல் மட்டமாகப் பறப்பதற்கே திறனின் கணிசமான பகுதி செலவாகி, அதுபோக மிஞ்சுவது மட்டுமே ஏற்றத்துக்கு உதவுவதால், விளைச்சல் பாதியான ஆண்டிலும் குத்தகை நெல்லை முழுதாக அளந்தாக வேண்டிய உழவரின் நிலைதான் இங்கும் நேர்கிறது. போதாக்குறைக்குக் குத்தகையும் கூடுகிறது: நின்ற எஞ்சினின் புரொப்பெல்லர் காற்றில் வெறுமனே சுழன்று தடையாகிறது, ஒரு பக்கமாகத் திரும்பும் மூக்கை நேராக்க மிதிக்கும் சுக்கானும் காற்றுத்தடையைப் பெருக்குகிறது.

விமானிப் பயிற்சியில் பரவலாகப் பயன்படும் பைப்பர் செமினோல், 180 குதிரைத்திறன் எஞ்சின்கள் இரண்டுடன், 3800 பவுண்டு எடையில், கடல்மட்டத்தில் நிமிடத்துக்கு 1200 அடி அளவில் ஏறுகிறது. ஒற்றை எஞ்சினில் அது சுமார் 200 அடி. சக்கரங்களை உள்ளிழுத்து, நின்ற புரொப்பெல்லரின் அலகுகளைக் காற்றோட்டத்துக்கு இணையாகத் திருப்பி, ஓடும் எஞ்சின் பக்கமாகச் சற்றே சாய்ந்து, வேகமானியின் நீலக்கோடு காட்டும் 88 நாட் வேகத்தைப் பிடித்தால்தான் அந்த 200 அடியும் கிட்டும். வேகம் அதே மானியின் செங்கோட்டுக்குக் கீழே சரிந்தால், சுக்கானை முழுதாக மிதித்தாலும் விமானத்தை நேராக நிறுத்த இயலாது.

சட்டம் இதில் எல்லாருக்கும் ஒன்றன்று. அமெரிக்க விதிகளின்படி, இரண்டு எஞ்சின் கொண்ட பெரிய பயணிகள் ஜெட், ஓர் எஞ்சின் செயலிழந்தாலும், சக்கரங்களை இழுத்துக்கொண்டபின் 2.4 விழுக்காட்டுச் சரிவில், அதாவது 1000 அடி முன்னேறுகையில் 24 அடி உயர, வல்லதாக இருக்க வேண்டும். அன்றைய வெப்பத்தில் அது இயலாதெனில் எடையைக் குறைத்தாக வேண்டும். கட்டணப் பயணிகளை ஏற்றி மேகத்துக்குள் பறக்கும் சிறு விமானத்துக்கு, 5000 அடி உயரத்திலோ வழித்தடத்தின் குறைந்தபட்ச உயரத்திலோ, எது அதிகமோ அங்கே, நிமிடத்துக்கு 50 அடி ஏற்றம் போதும். ஆனால் 6000 பவுண்டுக்கு மேற்படாத, தரையிறங்கும் அமைப்பில் இறக்கை தூக்குவிசை இழக்கும் வேகம் 61 நாட்டைத் தாண்டாத விமானங்களுக்கு, 2017 வரை இருந்த சான்றளிப்பு விதி, 5000 அடியில் ஏற்றமோ இறக்கமோ எவ்வளவு என்று அளந்து சொன்னால் போதும் என்றே கேட்டது. இறங்கக் கூடாது என்று அது எங்கும் சொல்லவில்லை.

கொலராடோவின் லெட்வில் விமான நிலையம் 9900 அடிக்கும் மேலே இருக்கிறது. முழு எடையுள்ள செமினோலால் அங்கே ஒற்றை எஞ்சினில் ஏறவே முடியாது. எனினும் சொந்தப் பயணமாக அங்கிருந்து அதில் கிளம்பும் விமானியை, அந்தக் காரணத்துக்காக மட்டும், எந்த விதியும் தடுப்பதில்லை.