புராணமும் பேரேடும்: பல துறைப் பட்டப்படிப்பு பற்றிச் சில எண்ணங்கள்

பட்டதாரி ஒருவரைக் கண்டால் நாம் கேட்கும் முதல் வினா, "எந்தப் பாடத்திற் பட்டம் பெற்றீர்கள்?" என்பதே. தமிழ் என்றோ, பௌதிகம் என்றோ, பொருளியல் என்றோ ஒரு சொல்லில் விடை வந்துவிட்டால் நம் மனம் அமைதியடைகிறது. அவ்வாறன்றி, "முதலாம் ஆண்டில் கலைத்துறை அடிப்படைப் பாடம், அடுத்து கிரேக்க புராணம், பின்னர் புவிச்சரிதவியல், இறுதியில் வர்த்தகத்துக்கான கணனியியல்" என்று ஒருவர் விடை கூறுவாராயின் நமக்குத் திகைப்பே உண்டாகிறது. இவர் எதைத்தான் கற்றார்? நான்கு வயல்களில் நுனிப்புல் மேய்ந்தவரோ என்று எண்ணத் தலைப்படுகிறோம்.

"அகல உழுவதிலும் ஆழ உழு" என்பது நம் முன்னோர் வாக்கு. அதனைக் கல்விக்கும் ஏற்றிக் கூறுவது ஆசிரியர்களாகிய நமது வழக்கம். யானும் மாணவர் பலருக்கு அவ்வாறே கூறியதுண்டு. அவ்வறிவுரை எக்காலத்தும் எல்லார்க்கும் பொருந்துமா என்ற ஐயம் பின்னர் என் உள்ளத்தில் எழுந்தது. அந்த ஐயத்தின் விளைவே இக்கட்டுரை.

வானலையிற் பிறந்த பல்கலைக்கழகம்

மேலே கூறிய விடை வேடிக்கைக்காகப் புனையப்பட்டதன்று. பிரித்தானியாவின் திறந்த பல்கலைக்கழகத்திற் பயின்ற மாணவரிடையே அத்தகைய விடை வெகு சாதாரணமானது. அப்பல்கலைக்கழகத்தின் வரலாறு அறியத்தக்கது. 1963ஆம் ஆண்டு செப்டெம்பர் 8ஆந் தேதி, அப்பொழுது எதிர்க்கட்சித் தலைவராயிருந்த ஹரல்ட் வில்சன் கிளாஸ்கோ நகரில் ஆற்றிய சொற்பொழிவிலே, வானொலி, தொலைக்காட்சி, அஞ்சல் ஆகியவற்றின் வாயிலாகக் கற்பிக்கும் 'வானலைப் பல்கலைக்கழகம்' ஒன்றைப் பற்றிப் பேசினார். அடுத்த ஆண்டில் அவர் பிரதமரானார். அவ்வெண்ணத்திற்கு உருக்கொடுக்கும் பொறுப்பு ஜெனி லீ அம்மையாரைச் சேர்ந்தது. ஸ்கொத்லாந்தின் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகளாகிய அவர், உழைப்பாளருக்கென்று தரங்குறைந்த ஒரு கலாசாலையைத் தாம் அமைக்கப்போவதில்லை என்பதில் உறுதியாக நின்றார். 1969 ஏப்ரிலில் அரச சாசனம் கிடைத்தது. 1971 சனவரியில் ஏறக்குறைய 24,000 மாணவர்களுடன் போதனை ஆரம்பமாயிற்று.

சேர்வதற்கு முன் சித்தியடைந்திருக்கவேண்டிய பரீட்சை எதுவுமில்லை என்பதே அதன் தலையாய விதி. முதலில் வந்து சேர்ந்தோருட் பெருந்தொகையினர் யாவர் தெரியுமா? பயிற்சிச் சான்றிதழ் மட்டும் பெற்று, பட்டம் பெறும் வாய்ப்பின்றிக் கற்பித்து வந்த பாடசாலை ஆசிரியர்கள். அவர்களுடன் இல்லத்தரசியரும் எழுதுவினைஞரும் தொழிலாளரும் சேர்ந்தனர். விடியுமுன்னும் நள்ளிரவிலும் பி.பி.சி. தொலைக்காட்சியில் விரிவுரை கேட்டனர். விஞ்ஞானம் பயின்றோர்க்குச் சிறிய நுணுக்குக்காட்டியும் இரசாயனப் பொருள்களும் தபாலில் வந்தன. சமையலறை மேசையே ஆய்வுகூடமாயிற்று. கோடை விடுமுறையில் ஒரு வாரம் வேறொரு பல்கலைக்கழக வளாகத்திற் கூடித் தங்கிப் பயின்றனர். அத்தொலைக்காட்சிப் பாடங்கள் 2006 திசெம்பருடன் நின்றுபோயின. அதற்கு முன்பே கணனியும் இணையமும் அவற்றின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கிவிட்டன.

முதல் துணைவேந்தரான வோல்ற்றர் பெரி எடின்பரோவிலிருந்து வந்த மருந்தியற் பேராசிரியர். இலக்கியம் பயில்பவனும் தத்துவமும் கணிதமும் சிறிதேனும் கற்றாகவேண்டும் என்பது ஸ்கொத்லாந்துப் பல்கலைக்கழகங்களின் பழைய மரபு. அம்மரபின் சாயல் புதிய கலாசாலையிலும் படிந்தது. ஒவ்வொருவரும் இரண்டு அடிப்படைப் பாடங்களைக் கற்கவேண்டும். ஆறு பாடங்களிற் சித்தியடைந்தால் சாதாரண பட்டம், எட்டிற் சித்தியடைந்தால் கௌரவ பட்டம். எந்தப் பாடத்துடன் எதனைச் சேர்ப்பது என்பது பெரும்பாலும் மாணவரின் விருப்பம். பௌதிகம் கற்றவர்க்கும் ஆரம்பத்தில் பி.ஏ. பட்டமே வழங்கப்பட்டது. காலப்போக்கில் துறைப் பெயர் தாங்கிய பட்டங்கள் வந்தன; பாடக்கணக்கு 360 புள்ளிகளாக மாறிற்று. எனினும் பல துறைகளையும் சேர்த்துப் பெறும் 'திறந்த பட்டம்' மறைந்துவிடவில்லை.

குவியலா, கட்டடமா?

கல்லும் மரமும் சுண்ணாம்பும் ஒரு வளவில் வந்து குவிந்தமையால் மட்டும் அது வீடாகிவிடாது. கிரேக்க புராணமும் வர்த்தகக் கணனியும் ஒரே சான்றிதழில் இடம்பெற்றமையால் மட்டும் அது கல்வியாகிவிடுமா? இவ்வினா நியாயமானது. இவ்விரண்டையும் விட ஒன்றுக்கொன்று தூரமான பாடங்களைக் காண்பது அரிது என்றே எவரும் கருதுவர். ஆனால் வரலாறு வேறொன்றைக் கூறுகிறது.

1951ஆம் ஆண்டின் பிற்பகுதியில், இலண்டனிலே தேநீர்ச்சாலைகள் பல நடாத்திப் பேர்பெற்ற லயன்ஸ் நிறுவனம், தானே அமைத்த 'லியோ' என்னும் கணனியில் தனது வெதுப்பகங்களின் உற்பத்திக் கணக்கைச் செய்யத் தொடங்கிற்று. அன்றாட வர்த்தக வேலைக்குக் கணனியைப் பயன்படுத்திய முதல் முயற்சி அதுவே எனலாம். எழுதுவினைஞரின் பேரேடு அன்று இயந்திரத்துள் நுழைந்தது.

ஓராண்டு நிறைவதற்குள், 1952 யூலை 1ஆந் தேதி, மைக்கல் வென்றிஸ் என்னும் இளைஞர் பி.பி.சி. வானொலியிற் பேசினார். அவர் கட்டடக் கலைஞர். பல்கலைக்கழகத்திற் கிரேக்கம் பயின்றவரல்லர். பதினான்கு வயதிலே, கிறீற் தீவில் நொசொஸ் மாளிகையை அகழ்ந்த ஆதர் எவன்சின் பேச்சைக் கேட்டு, அங்கு கிடைத்த களிமண் ஏடுகளின் மர்ம எழுத்தில் உள்ளம் பறிகொடுத்தவர். 'லீனியர் பி' எனப் பெயரிடப்பட்ட அவ்வெழுத்தைத் தாம் வாசித்துவிட்டதாகவும், அதன் மொழி கிரேக்கமே என்றும் அன்று அவர் அறிவித்தார்.

மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட அவ்வேடுகளில் இருந்தது என்ன? வீரகாவியமா, தெய்வத்துதியா? இரண்டும் அல்ல. ஆட்டுக் கணக்கு, எண்ணெய்க் கணக்கு, கம்பளிக் கணக்கு. நொசொசில் மட்டும் ஏறக்குறைய ஓர் இலட்சம் ஆடுகள் கணக்கில் வருகின்றன. அந்தக் கணக்குகளுக்கிடையேதான் சியுஸ், ஹேரா, பொசைடன், டயொனிசஸ் ஆகிய தெய்வங்களின் பெயர்கள் தோன்றுகின்றன. எல்லாத் தெய்வங்களுக்கும் ஒரு சாடி தேன், சிக்கல் வழி மாளிகையின் தலைவிக்கு ஒரு சாடி தேன் என்று பொருள்பட அறிஞர் வாசிக்கும் ஏடும் ஒன்றுண்டு. தீசியஸ் நூலைப் பிடித்து வெளியேறிய அந்தச் சிக்கல் வழியின் பெயர், கதையாக நமக்குக் கிடைப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே, களஞ்சியக் கணக்கனின் கையாற் பொறிக்கப்பட்டுவிட்டது. கிரேக்க தெய்வங்கள் எழுத்துலகிற் புகுந்த வாயில் பேரேடு!

அந்த எழுத்துக்கு விடை காண உதவிய முறையும் கவனிக்கத்தக்கது. வென்றிசுக்கு வழி திறந்தவர்களுள் முதன்மையானவர் புறூக்லின் கல்லூரிப் பேராசிரியை அலிஸ் கோபர். கடதாசித் தட்டுப்பாடு நிலவிய காலத்தில், கிடைத்த தாள்களையெல்லாம் வெட்டி ஏறக்குறைய 180,000 அட்டைகள் தயாரித்தார். வெறுமையான சிகரெட் பெட்டிகளில் அவற்றை ஒழுங்குபடுத்தினார். எந்த எழுத்து எந்த எழுத்துடன் சேர்ந்து வருகிறது என்பதைக் கண்டறிய அட்டைகளில் துளையிட்டார். துளையட்டை கொண்டு கணக்குச் செய்த அக்கால அலுவலகங்களின் முறைக்கும் இதற்கும் எவ்வளவு ஒற்றுமை! 1950இல், தமது உழைப்பின் பயனைக் காணுமுன்னரே அவர் காலமானார்.

நிரலில் அடங்காதவை

இவ்வுதாரணத்தினால் யான் நிறுவ விழைவது ஒன்றே. தூரத்துப் பாடங்கள் இரண்டைக் கற்பதன் பயன் இரு மடங்கு செய்தி அறிவதன்று; ஒன்றின் விளக்கில் மற்றதைக் காண்பது.

புராணத்தை மட்டும் பயின்றவனுக்குச் சியுஸ் இடிமுழக்கும் ஒரு கதைத் தலைவன். கணக்கியலும் பயின்றவனோ, அத்தெய்வத்திற்கு எண்ணெய் அளந்தவர் யார், அது எந்தக் களஞ்சியத்திலிருந்து வந்தது, அளவை யார் நிர்ணயித்தார் என்றும் கேட்பான். பக்திக்குப் பின்னாலுள்ள சமுதாய அமைப்பு அவன் கண்ணுக்குத் தெரியும்.

மறுபுறமும் உண்டு. பைலொஸ் என்னும் ஊரிற் கிடைத்த ஏடுகளில் நூற்றுக்கணக்கான தொழிலாளிப் பெண்களும் அவர்தம் பிள்ளைகளும் எண்ணிக்கையாகப் பதிவு செய்யப்பட்டுள்ளனர். சிலர் மிலேற்றஸ், லெம்னொஸ் முதலிய கடல் கடந்த ஊர்களின் பெயரால் குறிக்கப்படுகின்றனர். அவர்களுக்கு அளக்கப்பட்ட தானியமும் அத்திப்பழமும் ஏட்டில் உண்டு. அவர்கள் எவ்வாறு அங்கு வந்தனர், யாரைப் பிரிந்து வந்தனர் என்பது இல்லை. அதற்குக் கணக்கனின் ஏட்டில் நிரல் இல்லை. வீழ்ந்த நகரத்துப் பெண்கள் அடிமைகளாகச் செல்லும் துயரத்தை நாம் அறிய யூரிப்பிடிசின் நாடகத்திற்குத்தான் செல்லவேண்டும். இதனை உணர்ந்த ஒருவர் நாளை ஒரு தொழிற்சாலையின் சம்பளப் பதிவேட்டைக் கணனியில் அமைக்க நேருமாயின், எதனை நிரலிட்டோம் என்பதோடு எதனை விட்டுவிட்டோம் என்றும் ஒரு கணம் சிந்திப்பார் அன்றோ? அந்தச் சிந்தனையைக் கணனிப் பாடம் தனித்து நின்று தருதல் அரிது.

எனினும், அகல உழுவதே போதும் என்று கூற யான் துணியேன். வென்றிசின் கண்டுபிடிப்பை உலகம் ஏற்பதற்கு ஜோன் சட்விக் வேண்டியிருந்தது. அவர் கிரேக்கக் கிளைமொழிகளை ஆழ்ந்து கற்ற மொழியியலறிஞர். ஆழ உழுதவர் இல்லையேல், கட்டடக் கலைஞரின் கண்டுபிடிப்பு வெறும் ஊகமாகவே நின்றிருக்கலாம். இலகுவான பாடங்களாகப் பொறுக்கிப் புள்ளி சேர்ப்பவனுக்கு எந்தத் திறந்த பட்டமும் ஒளி தராது. பாடங்களைத் தருவது பல்கலைக்கழகம். அவற்றைப் பிணைப்பது மாணவன் தானே செய்யவேண்டிய வேலை. பெயர் பெற்ற ஒரு துறையைத் தெரிந்தவனுக்கு அப்பிணைப்பை அத்துறையே செய்து கொடுத்துவிடுகிறது. பல துறை மாணவனின் பணி, உண்மையில், கடினமானது.

விலை கேட்கும் காலம்

அக்கடினமான பணிக்கு வேண்டியது அவகாசம். அவகாசத்திற்கு வேண்டியது பணம். ஏற்கெனவே பட்டம் பெற்றவர் அதே தரத்தில் இன்னொன்றைப் பயில்வதற்கான அரசாங்க நிதி இங்கிலாந்தில் 2008 முதல் நிறுத்தப்பட்டது. 2012இல் கட்டணங்கள் பன்மடங்கு உயர்ந்தன. திறந்த பல்கலைக்கழகத்திலே 120 புள்ளிகளுக்கு, அதாவது முழுநேர மாணவரின் ஓராண்டுப் படிப்புக்கு நிகரான பகுதிக்கு, 5,000 பவுண் என்றாயிற்று. கடன் வசதி உண்டு. ஆனால் கடன்பட்டார் நெஞ்சம் முதலிற் கேட்பது, "இதனால் என்ன உத்தியோகம் கிடைக்கும்?" என்பதல்லவா? அதன்பின் அந்நாட்டிற் பகுதிநேரமாகப் பட்டம் பயில வந்தோர் தொகை பெருமளவில் வீழ்ந்தது. வேலை முடிந்து வந்து, ஆவல் ஒன்றாலேயே புராணத்தைத் திறந்து பார்க்கக்கூடிய உழைப்பாளிக்குக் கதவு பூட்டப்படவில்லை. வாயிற்படி மட்டும் உயர்ந்துவிட்டது.

நம் நாட்டுக்கும் இது புறம்பான செய்தியன்று. 1921இல் ஆரம்பமான கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரி, 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றும்வரை, இலண்டன் பரீட்சைகளுக்கே மாணவரை ஆயத்தஞ் செய்தது. பகலிற் கற்பித்து, இரவில் விளக்கொளியில் இலண்டன் வெளிவாரிப் பட்டத்துக்குப் படித்த ஆசிரியர்களை நம் மூத்த தலைமுறை நன்கறியும். 1980இல் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகமும் நாவலையில் நிறுவப்பட்டது. இவ்வளவு அனுபவம் இருந்தும், சிறப்புப் பட்டமே பட்டம், மூன்று பாடங்கள் கற்ற பொதுப் பட்டம் சற்றுக் குறைவு என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றி நிற்கிறது. பொதுப் பட்டதாரிகளும் தம் பட்டத்தைப் பற்றித் தயக்கத்துடனேயே பேசுகின்றனர். அத்தயக்கத்தில் நம் ஆசிரியர்களுக்கும் பங்குண்டு. மூன்று பாடங்களை மூன்று அறைகளிற் கற்பித்துவிட்டு, இடைச்சுவரில் ஒரு சாளரமேனும் திறந்து காட்டாது விட்டோர் நாமே.

ஆகவே சக ஆசிரியர்களிடம் ஒரு சிறு வேண்டுகோள். பட்டதாரியிடம் நாம் கேட்கும் வினாவைச் சற்றே மாற்றிக்கொள்வோம். "எந்தப் பாடத்திற் பட்டம் பெற்றீர்கள்?" என்பதோடு நில்லாது, "உமது இரண்டாவது பாடம் முதலாவதில் எதனைக் காட்டிற்று?" என்றும் கேட்போம். அதற்கு விடை சொல்ல வல்லவர், சான்றிதழில் எப்பெயர் பொறிக்கப்பட்டிருப்பினும், கற்றவரே. விடை சொல்ல இயலாதவர் ஒரே துறையில் எவ்வளவு ஆழ உழுதிருப்பினும், பக்கத்து வயலில் என்ன விளைகிறது என்பதை ஒருமுறையேனும் வரப்பில் ஏறி நின்று பார்க்கவில்லை என்றே கொள்ளவேண்டும்.