அன்று மன்னரின் தம்பி, அப்புறம் அரசியின் சித்தப்பா! தெரியுமா?

நாடாளுமன்றக் கூட்டத்தொடர் தொடங்கும் நாளில் மாமன்னர் அரியணை உரை நிகழ்த்துவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அணிவகுப்பு மரியாதை களைகட்டும்! அந்த உரைக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. புதிதாகத் தன்னாட்சி பெற்ற நாடுகளின் அவைகளில் பிரிட்டிஷ் முடியாட்சியின் பிரதிநிதிகள் எழுந்து பேசிய கதை. அதில் நம் சிலாங்கூரின் பத்தாங் காலிக்குப் பக்கத்து ஊரும் உண்டு, நம் தமிழர்களும் உண்டு. படித்தால் அசந்துபோவீர்கள்!

★ வாசிப்பவர் ஒருவர், எழுதுபவர் வேறொருவர்!

"எனது அரசாங்கம் இதைச் செய்யும், அதைச் செய்யும்" என்று அரியணை உரை முழங்குகிறதே, அதை மன்னரா எழுதுகிறார்? இல்லவே இல்லை! மக்கள் வாக்களித்து அமைத்த அரசாங்கம்தான் எழுதித் தருகிறது. மன்னரோ அவருடைய பிரதிநிதியோ வாசிப்பதோடு சரி. லண்டன், கோலாலம்பூர்... எங்கும் இதுதான் வழக்கம்! முடியாட்சிக் காலக் கொழும்பிலும் அப்படித்தான்!

★ இரண்டு நாடு, ஒரே விருந்தாளி!

1948 பிப்ரவரி 10. சுதந்திர இலங்கையின் நாடாளுமன்றத்தைக் கொழும்பில் தொடக்கி வைத்தவர் குளோஸ்டர் கோமகன் இளவரசர் ஹென்றி. ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தம்பி! 1957 ஆகஸ்ட் 31, மலாயாவின் சுதந்திர நாள். கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்தில் அரசியின் செய்தியை வாசித்து, சுதந்திர ஆவணத்தைப் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மானிடம் கொடுத்தவர் யார்? அதே குளோஸ்டர் கோமகன்! இப்போது அரியணையில் ஜார்ஜின் மகள் எலிசபெத்; கோமகனோ அரசியின் சித்தப்பா!

★ ஆஸ்திரேலியாவில் அடுத்தடுத்து இருந்தவர்கள்!

இந்தக் கோமகன் 1945 முதல் 1947 வரை ஆஸ்திரேலியாவின் கவர்னர் ஜெனரல், அதாவது அங்கே மன்னரின் பிரதிநிதி. அவருக்குப் பின் அந்தப் பதவிக்கு வந்தவர் சர் வில்லியம் மெக்கெல். அந்த மெக்கெல்தான் மலாயாவின் அரசியலமைப்பை வரைந்த ரீட் குழுவில் உட்கார்ந்தார்! இன்னொரு உறுப்பினர் சர் ஐவர் ஜென்னிங்ஸ், இலங்கை அரசியலமைப்புக்கும் ஆலோசனை சொன்னவர். என்ன ஒரு பொருத்தம்!

★ முடிசூட்டு உடையில் கொழும்புக்கு!

1954 ஏப்ரலில் எலிசபெத் அரசியே நேரில் போய் இலங்கை நாடாளுமன்றத்தைத் தொடக்கி வைத்தார். அன்று அவர் என்ன உடுத்தியிருந்தார் தெரியுமா? 1953-இல் முடிசூட்டு விழாவுக்கு அணிந்த அதே பட்டு உடை! அதில் இலங்கைக்காகத் தாமரையும் தைக்கப்பட்டிருந்தது!

★ தோட்டத் தமிழரின் குரல்!

1948-இல் கோமகன் தொடக்கி வைத்த அந்த நாடாளுமன்றத்தில் மலையகத் தோட்டத் தமிழர்களின் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமானும் உறுப்பினர். நுவரெலியா தொகுதியில் வென்று வந்தவர்! ஆனால் நெஞ்சை உலுக்குவது எது தெரியுமா? அதே நாடாளுமன்றம் அதே 1948-இல் நிறைவேற்றிய குடியுரிமைச் சட்டம், லட்சக்கணக்கான தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது!

★ மரண ரயில் கைதி வாசித்த உரை!

1959 ஜூன் 3-இல் சிங்கப்பூருக்குத் தன்னாட்சி கிடைத்தது. ஜூலை 1-இல் 51 உறுப்பினர்கள் கொண்ட புதிய சட்டமன்றத்தில் உரை நிகழ்த்தியவர் சர் வில்லியம் கூட். கடைசி பிரிட்டிஷ் கவர்னரான அவரே அரசுத் தலைவராக நின்று, லீ குவான் யூ அரசாங்கத்தின் திட்டங்களை வாசித்தார்! இந்தக் கூட், ஜப்பானியர் காலத்தில் போர்க்கைதியாகி சயாம் மரண ரயில் பாதையில் உழைத்தவர். நம் மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துப் போன தமிழர்கள் ஆயிரமாயிரமாய் மாண்டார்களே, அதே பாதை!

★ சிரம்பானில் வளர்ந்த அமைச்சர்!

லீ குவான் யூவின் அந்த அரசாங்கத்தில் பண்பாட்டு அமைச்சர் எஸ். ராஜரத்தினம். பிறந்தது யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை, வளர்ந்தது சிரம்பான்! சிங்கப்பூர் அவையில் இன்றும் தமிழில் எழுந்து பேசலாம், தெரியுமா?

★ முடியாட்சியின் பிரதிநிதி ஒரு தமிழர்!

பிரிட்டிஷ் இந்தியாவின் கடைசி வைஸ்ராய் மவுண்ட்பேட்டன் 1947 ஆகஸ்ட் 14-இல் பாகிஸ்தானின் கராச்சியிலும் 15-இல் இந்தியாவின் டில்லியிலும் பேசினார். இரண்டே நாளில் இரண்டு புது நாடுகளின் அவைகள்! அவருக்குப் பின் இந்தியாவில் பிரிட்டிஷ் மன்னரின் பிரதிநிதியாக, கவர்னர் ஜெனரலாக அமர்ந்தவர்? ஓசூர் அருகே தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி! 1950 ஜனவரி 26-இல் இந்தியா குடியரசானதும் அந்தப் பதவியே மறைந்தது!

★ பத்தாங் காலிக்கு வடக்கே ஒரு வளைவு!

மலாயாக் கூட்டரசு சட்டமன்றத்துக்கு முதலில் தலைமை தாங்கியவர் பிரிட்டிஷ் ஹை கமிஷனரேதான்! மன்னரின் பிரதிநிதியும் அவரே, அவைத் தலைவரும் அவரே! அந்தப் பதவியில் இருந்த சர் ஹென்றி கர்னி, 1951 அக்டோபர் 6-இல் பிரேசர் மலைக்குக் காரில் போகையில் கோலகுபு பாரு பக்கம் ஒரு சாலை வளைவில் கம்யூனிஸ்டுகளின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். பத்தாங் காலி இருக்கும் அதே உலு சிலாங்கூர்! அவைக்குத் தனி சபாநாயகர் வந்ததோ 1953-இல்தான்!

★ 52-இல் 51!

அதே சட்டமன்றத்துக்கு 1955 ஜூலை 27-இல் மலாயாவின் முதல் பொதுத்தேர்தல். 52 இடங்களில் துங்குவின் கூட்டணி வென்றது 51! வென்றவர்களில் ஒருவர் ம.இ.கா.வின் வீ. தி. சம்பந்தன். உடனே தொழிலாளர் அமைச்சர்! தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, 1960-இல் தொழிலாளர்களை ஒன்று திரட்டித் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவரும் இவரே!

★ உங்கள் பணப்பையில் ஒரு மன்னர்!

1959 செப்டம்பரில் நம் முதல் நாடாளுமன்றம் தொடங்கியது. அன்று அரியணையில் இருந்தவர் முதல் மாமன்னர் துவாங்கு அப்துல் ரஹ்மான். அவரை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள்! ரிங்கிட் நோட்டில் இருக்கும் முகம் அவருடையதுதான்!

★ நம் தொகுதியும் அந்த அவையில்!

உலு சிலாங்கூர் மக்கள் ஜி. பழனிவேலையும் பி. கமலநாதனையும் நாடாளுமன்றத்துக்கு அனுப்பியவர்கள். பத்தாங் காலிக்குச் சிலாங்கூர் சட்டமன்றத்தில் தனித் தொகுதியே உண்டு. எண் 7!

அடுத்த முறை அரியணை உரை ஒலிக்கும்போது சேனலை மாற்றாதீர்கள். வாசிப்பவர் மாமன்னர், எழுதித் தரும் அரசாங்கத்தை அமைப்பது உங்கள் வாக்கு! 2021 டிசம்பரிலிருந்து, 18 வயது நிறைந்த மலேசியர்களின் பெயர் வாக்காளர் பட்டியலில் தானாகவே ஏறிவிடுகிறது. வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். தேர்தல் நாளில் அவர்களையும் கூட்டிக்கொண்டு வாக்களிக்கப் போங்கள்!