விரல் நுனியில் நிற்பவளைத் தாங்குவது எது?

அரசிளங்குமரி அரோராவுக்குப் பதினாறாவது பிறந்தநாள். அவளை மணக்க விரும்பி நான்கு இளவரசர்கள் வந்திருக்கிறார்கள். அவளோ ஒரு காலின் விரல் நுனியிலே நிற்கிறாள். மறுகால் பின்புறமாக வளைந்து உயர்ந்திருக்கிறது. முதல் இளவரசனின் கரத்தைப் பற்றியபடி ஒரு சுற்றுச் சுழல்கிறாள். பின்பு அக்கரத்தை விட்டுத் தன் கையைத் தலைக்குமேல் உயர்த்துகிறாள். அடுத்தவனின் கரத்தைப் பற்றும்வரை அவளைத் தாங்குவார் எவருமில்லை! நால்வரும் மாறி முடியும்வரை அவள் குதிகால் நிலத்தில் இறங்குவதில்லை.

1890ஆம் ஆண்டில் ருஷ்யாவின் மரின்ஸ்கி அரங்கில், சைக்கோவ்ஸ்கியின் இசைக்கு மாரியுஸ் பெடிப்பா அமைத்த ‘உறங்கும் அழகி’ என்னும் பாலே நாடகத்தில் வரும் ‘ரோஜா அடாஜியோ’ காட்சி இது. 1949ஆம் ஆண்டு ஒக்டோபர் 9ஆந் திகதி நியூயோர்க் நகரில் அரோராவாக ஆடிய மார்கோ பொன்டெயின், உலகப் புகழ் பெற்றார்.

இவ்வாறு நிற்பதற்குக் காலின் வலிமை மட்டும் போதுமா? போதாது என்பதை நுனிக்கால் நடனத்தில் ஓரளவு தேர்ந்த மாணவிகள் நன்கறிவர். காலைக் கவனித்தால் கை விறைத்துப்போகிறது. கையை நினைத்தால் கணுக்கால் தள்ளாடுகிறது. இடைநிலை மாணவியரின் பெருந்தொல்லை இதுவே.

இதன் காரணம் எளிது. துணியும் பசையும் அடுக்கி இறுக்கிய சப்பாத்து முனையின் பரப்பு மிகச் சிறியது. உடலின் பாரமையம் அச்சிறு பரப்புக்கு நேர் மேலே நிற்றல் வேண்டும். கையை வேகமாக வீசினால் அம்மையம் விலகும். அச்சத்தால் தோளை உயர்த்தினாலோ விலா எலும்புகள் முன்தள்ளி, முதுகு பின்னே சாயும். விழுவது காலின் குற்றம்போலத் தோன்றினும், பல வேளைகளில் குற்றவாளி கையே!

கையின் அசைவு விரலில் அன்று, முதுகிலே தொடங்க வேண்டும். முதுகெலும்பே உடல் நிலைபேற்றின் அடிப்படை என்று 1934ஆம் ஆண்டில் வெளியான தமது நூலில் ருஷ்ய ஆசிரியை அகிரிப்பினா வகனோவா வற்புறுத்தினார். தோள்கள் தாழ்ந்திருக்க, முழங்கை தொய்யாதிருக்க, கைகள் உடலின் முன்னே வயிற்றின் மட்டத்துக்கு வந்து, அங்கிருந்து தலைக்குமேல் செல்லட்டும். பார்வை தரையில் விழாமல் நேரே நிலைக்கட்டும்.

பயிற்சியைப் படிப்படியாகச் செய்தல் நன்று. முதலில் கைப்பிடிக் கம்பியருகே முழங்கால்களைச் சிறிது மடித்து, இரு கால்களிலும் நுனிக்கு எழுக. பாதம் உச்சியை அடையும் அதே கணத்தில் கையும் தன் இடத்தை அடைய வேண்டும். முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது. அது கைவந்தபின், கம்பியிலிருந்து கையை எடுத்து நான்கு எண்ணும்வரை நிற்கலாம். ஒற்றைக்கால் அதற்குப் பிறகே. இறங்கும்போதும் பொத்தென்று விழாமல், பாதத்தை மெல்ல உருட்டி இறக்குக. சப்பாத்தின்றி ஒற்றைக்காலில், சுவரருகே கண்மூடி நிற்பதும் கணுக்காலுக்கு நல்ல அப்பியாசமாகும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. வளரும் பிள்ளைகளின் பாத எலும்புகள் முழு உறுதி பெற்றிரா. கணுக்கால் நோகிறதென்று பிள்ளை சொன்னால், அதைச் சோம்பலென்று கருதாதீர்கள். அன்று பயிற்சியை நிறுத்துங்கள். நோவு நீடித்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். காலுக்குப் பொருந்தாத சப்பாத்தை, விலை கருதி அணிவிக்கவும் வேண்டாம்.

மீண்டும் அரோராவைப் பாருங்கள். இளவரசனின் கரத்தை இறுகப் பற்றித் தன் பாரத்தை அதில் சாய்த்திருந்தால், விட்ட கணமே அவள் சரிந்திருப்பாள். அவளோ அதை மெல்லத் தொட்டே நிற்கிறாள். அவளைத் தாங்குவது அவள் முதுகே. கம்பியைப் பற்றும் மாணவியும் அவ்வாறே பற்றப் பழகினால், அதை விடும் நாளில் அஞ்ச மாட்டாள்.