பெயர் தெரியாதவர் எனக் குறிக்கப்பட்ட பெருங்கலைஞர்



உங்கள் இல்லத்துப் பழைய பெட்டியைத் திறந்து பாருங்கள். மடித்து வைத்த துணிகளுக்கு அடியில் ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம் கிடைக்கக்கூடும். பாட்டனார் நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்திருப்பார். பின்னால் ஒரு திரைச்சீலை தொங்கும். படத்தில் இருப்பவர் யார் என்று நீங்கள் உடனே சொல்லிவிடுவீர்கள். அதை எடுத்தவர் யார் என்று கேட்டால்? பெரும்பாலும் மௌனமே பதிலாகும்.

அப்படி மறக்கப்படவிருந்த ஒரு தொழிலாளியின் வரலாற்றைத்தான் இங்கே காணவிருக்கிறீர்கள். அவர் பெயர் ஸெய்து கெய்தா. ஊர், மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுத் தலைநகரான பமாக்கோ. மக்களில் மிகப் பெரும்பான்மையோர் முஸ்லிம்களாக வாழும் நாடு அது.

தச்சுப் பட்டறையிலிருந்து...

1921-ஆம் ஆண்டளவில் பிறந்த கெய்தா பள்ளிக்கூடம் சென்று பயின்றவர் அல்லர். இளம் வயதிலேயே தச்சு வேலை கற்றார். 1935-இல் அவருடைய உறவினர் ஒருவர் செனகல் நாட்டிலிருந்து திரும்பும்போது ஒரு சிறிய கோடாக் கேமராவைக் கொண்டுவந்து கொடுத்தார். அதுவே அவருடைய வாழ்வின் திசையை மாற்றியது. குடும்பத்தாரையும் அண்டை வீட்டாரையும் எடுத்துப் பழகினார். படம் கழுவும் முறையையும் அச்சிடும் முறையையும் ஊரிலிருந்த மூத்த படப்பிடிப்பாளர்களிடம் கேட்டுக் கற்றார்.

1948-இல் சொந்த ஸ்டூடியோ திறந்தார். அது இரயில் நிலையத்திற்கு அருகில் இருந்தது. தக்கார் துறைமுகத்திலிருந்து வரும் இருப்புப்பாதை பமாக்கோவைத் தொட்டுச் செல்வதால், வெளியூர்ப் பயணிகளும் அவரை நாடி வந்தனர்.

ஒரே ஒரு படம்

அவர் வேலை செய்த விதத்தைச் சற்றுக் கவனியுங்கள். 13 சென்டிமீட்டர் அகலமும் 18 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட நெகடிவ் எடுக்கும் பெரிய கேமராவை வைத்திருந்தார். நெகடிவைத் தாளின் மீதே வைத்து, அதே அளவில் பிரதி எடுத்துக் கொடுப்பார். மின்விளக்கைவிடப் பகல் வெளிச்சத்தையே பெரிதும் விரும்பினார். ஃபிலிமின் விலை அதிகம். ஆகவே ஒருவரை ஒருமுறைதான் எடுப்பார். தவறிவிட்டால் நட்டம் அவருடையது!

அந்த ஒரு கணத்திற்காக அவர் பொறுமையோடு உழைத்தார். முகத்தைச் சற்றே திருப்பச் சொல்வார். கையை எங்கே வைப்பதென்று காட்டுவார். ஆடையின் மடிப்பு அழகாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார். நல்ல உடை இல்லாதவருக்கு மேல்நாட்டு உடையும் கழுத்துப்பட்டையும் ஸ்டூடியோவிலேயே காத்திருந்தன. கடிகாரம், பேனா, வானொலிப் பெட்டி, பிளாஸ்டிக் பூ ஆகியவையும் இருந்தன. ஏழையாயினும் செல்வராயினும், அவருடைய கேமராவின் முன் எல்லோரும் கண்ணியத்துடனேயே தோன்றினர்.

முதலில் பின்திரையாகப் பயன்பட்டது எது தெரியுமா? அவருடைய சொந்தப் படுக்கை விரிப்பு! சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரையை மாற்றினார். பிற்காலத்தில், எந்தப் படம் எந்த ஆண்டினது என்பதைத் திரையைப் பார்த்தே அவரால் கணிக்க முடிந்தது. பெண்களின் பூவேலை ஆடையும் பின்திரையின் பூவேலையும் ஒன்றோடொன்று இழைந்து நிற்பதே இன்று அவர் படங்களின் தனி அடையாளமாகப் போற்றப்படுகிறது.

மூடிய பெட்டிகள்

1960-இல் மாலி விடுதலை பெற்றது. 1962-இல் கெய்தா அரசாங்கத்தின் படப்பிடிப்பாளராக்கப்பட்டார். அதன் பின் ஸ்டூடியோவை மூட நேர்ந்தது. 1977-இல் ஓய்வு பெற்றார். வண்ணப்படங்கள் பரவிவிட்ட காலம் அது. பழைய கறுப்பு வெள்ளை நெகடிவ்கள் யாருக்கு வேண்டும்? ஆயினும் அவர் அவற்றைக் குப்பையில் எறிந்தாரில்லை. பல்லாயிரக்கணக்கான நெகடிவ்களைப் பெட்டிகளில் இட்டுக் காத்தார். தம்மை நம்பி வந்து அமர்ந்தவர்களின் முகங்களை அமானிதமாகப் பேணினார் என்றே சொல்லத் தோன்றுகிறது.

1991-இல் நியூயார்க் நகரில் நடந்த ஆப்பிரிக்கக் கலைக் கண்காட்சி ஒன்றில் அவருடைய படங்கள் சில வைக்கப்பட்டன. பார்த்தவர்கள் வியந்தார்கள். ஆனால், எடுத்தவர் பெயர் தெரியவில்லை என்றே அங்கு குறிக்கப்பட்டிருந்தது! ஆந்த்ரே மாக்னான் என்னும் பிரெஞ்சுக் கலை ஆர்வலர் அப்படங்களை எடுத்தவரைத் தேடி பமாக்கோ சென்றார். அங்கே கெய்தா உயிரோடிருந்தார். பெட்டிகளும் பத்திரமாக இருந்தன.

1994-இல் பாரீஸின் கார்த்தியே கலை நிறுவனத்தில் அவருக்கெனத் தனிக் கண்காட்சி நடந்தது. உள்ளங்கையில் ஏந்திப் பார்த்த சிறு படங்கள், பெரிதாக்கப்பட்டுக் கலைக்கூடச் சுவர்களை நிறைத்தன. 2001-இல் பாரீஸில் அவர் காலமானார். 2016-இல் அதே நகரின் கிராண்ட் பாலே மண்டபம் அவருடைய படங்களை மீண்டும் காட்சிக்கு வைத்தது.

இன்னும் பெயரற்றவர்கள்

வாசகர்களே! கெய்தா கலைக்கூடத்துக்காக ஒரு படமும் எடுக்கவில்லை. கூலிக்கு வேலை செய்தார். ஆனால் கூலிக்குரிய அளவோடு நிறுத்திக்கொள்ளவில்லை. வேலையில் காட்டிய நேர்மையும், வந்தவருக்குத் தந்த மரியாதையும், முடிந்த வேலையைப் பேணிய பொறுப்புமே அவரைக் கலைஞராக்கின. தையல் கடையிலோ, அச்சகத்திலோ, அடுப்படியிலோ உழைக்கும் நமக்கும் இதில் பாடம் உண்டு.

ஒரு வருத்தமும் எஞ்சுகிறது. கெய்தாவின் பெயர் மீண்டுவிட்டது. ஆனால் அவர் படங்களில் அத்தனை பெருமிதத்துடன் அமர்ந்திருக்கும் ஆண்கள், பெண்கள், மழலைகள் பெரும்பாலோரின் பெயர்கள் மீளவில்லை. அப்படங்களின் கீழே தலைப்பில்லை என்றுதான் எழுதப்படுகிறது. யாரோ ஒருவரின் உம்மா. யாரோ ஒருவரின் வாப்பா.

ஆகவே இன்றிரவே அந்தப் பழைய பெட்டியைத் திறவுங்கள். வீட்டின் மூத்தவரை அருகில் அமர்த்திக் கேளுங்கள். படத்தின் பின்புறம் பென்சிலால் மெல்ல எழுதுங்கள்: இருப்பவர் பெயர், ஊர், ஆண்டு. தெரிந்தால், எடுத்தவர் பெயரையும் சேர்த்தெழுதுங்கள். சொல்லக்கூடியவர் நம்மோடு இருக்கும்போதே அதைச் செய்துவிடுங்கள்.