சிறு கோளும் கதிரொளியும்

தரையில் பழுதுற்ற பொறியைப் பிரித்துச் செப்பனிடலாம். விண்ணில் பழுதுற்றதை அவ்வாறு அணுகுதல் அரிது. ஆதலின், புதிய கருவியொன்றைப் பெரிய கலங்களில் பொருத்துமுன், அது வெற்றிடத்தையும் கடும் வெப்பத்தையும் குளிரையும் தாங்குமா என்று அங்கேயே அனுப்பிச் சோதித்தல் நன்று. அச்சோதனைக்குச் சிறு செயற்கைக் கோள்கள் பெரிதும் ஏற்றவை. அவற்றின் முன்னோடிகளுள் ஒன்று 'வான்கார்டு 1'.

1957ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் சோவியத்து நாட்டினர் ஸ்புட்னிக் என்னும் முதற் செயற்கைக் கோளை ஏவினர். உலகமெங்கும் கேட்ட அதன் வானொலிக் குரல் மூன்று வாரங்களில் ஓய்ந்தது. காரணம் யாது? மின்கலங்கள் தீர்ந்துவிட்டன. கோள் சுற்றிக்கொண்டே இருந்தது, ஆனால் ஊமையாயிற்று.

இக்குறையை நீக்கும் வழி முன்னரே பிறந்திருந்தது. 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார், கதிரவன் ஒளியை மின்சாரமாக மாற்றும் சிலிக்கன் மின்கலத்தை உருவாக்கினர். அதனைச் செயற்கைக் கோளில் பயன்படுத்த வேண்டுமென்று ஹான்ஸ் சீக்லர் என்னும் அறிவியலாளர் வற்புறுத்தினார். திட்டத்தை நடத்திய கடற்படையினரோ, சோதித்தறியாப் புதுப்பொருளை நம்பத் தயங்கினர். முடிவில் இரண்டிற்கும் இடம் கிடைத்தது. கோளில் அமைந்த இரு வானொலிக் கருவிகளுள் ஒன்று பாதரச மின்கலங்களாலும், மற்றொன்று ஆறு சூரிய மின்கலங்களாலும் இயங்குமாறு அமைத்தனர்.

முதல் முயற்சி தோற்றது. 1957 டிசம்பர் 6ஆம் நாள் ஏவூர்தி ஒரு மீட்டர் அளவே எழும்பி, வீழ்ந்து வெடித்தது. உலகம் நகைத்தது. ஆயினும் அறிஞர் மனந்தளரவில்லை. 1958 மார்ச் 17ஆம் நாள் வான்கார்டு 1 விண்ணை அடைந்தது. அதன் குறுக்களவு 16.5 சென்டிமீட்டர், எடை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராம். சோவியத்துத் தலைவர் குருசேவ் அதனைப் பப்ளிமாசு போன்றதொரு பழத்தோடு ஒப்பிட்டு எள்ளினார்.

கடுகு சிறுத்தாலும் காரம் குறையுமோ? பாதரச மின்கலங்களின் குரல் 1958 ஜூன் திங்களில் அடங்கியது. கதிரொளியால் இயங்கிய குரலோ 1964 மே வரை ஒலித்தது! தயக்கத்தோடு ஏற்றுக்கொள்ளப்பட்ட புதுப்பொருள், நம்பி ஏற்றப்பட்ட பழம்பொருளைப் பன்மடங்கு விஞ்சியது. அன்றியும், அக்கோளின் பாதையை நுணுகி ஆராய்ந்த அறிஞர், பூமி முழுமையான உருண்டையன்று, வடமுனையில் மிகச் சிறிதளவு நீண்டு பேரிக்காயை ஒத்தது என்றும் கண்டனர்.

இன்று செயற்கைக் கோள்களுள் மிகப் பெரும்பாலானவை கதிரவன் ஒளியாலேயே இயங்குகின்றன. வான்கார்டு 1 இப்பொழுது பேசுவதில்லை. எனினும், விண்ணில் சுற்றும் மனிதப் படைப்புகளுள் மிகப் பழையதாக, ஏறத்தாழ இரண்டேகால் மணிக்கு ஒருமுறை பூமியை வலம் வருகின்றது. உருவால் சிறியதாயினும், ஐயத்தைச் சோதனையால் தீர்த்த பெருமை அதற்கு உண்டு.